எலக்ட்ரானின் வால் எங்கிருந்து வந்தது?

வாசகர் கேள்வி, ஜூன் 3

எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான், ஃபோட்டான் என்று அணுத்துகள்களின் ஆங்கிலப் பெயர்கள் பலவும் ‘ஆன்’ என்று முடிகின்றன. கிரேக்க மொழியில் ‘ஆன்’ என்றால் துகள் என்று பொருளாம். ஆகவே எலக்ட்ரான் என்பது ‘மின்துகள்’ என்பதன் நேரடிக் கிரேக்க வடிவம் என்று என் மகளின் பயிற்சி வகுப்பில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். இது உண்மையா? கிரேக்கர்களுக்கு மின்துகளைப் பற்றி எப்படித் தெரிந்திருக்கும்?

ஜூன் 3, இரவு

உண்மையில்லை. ‘துகள்’ என்று பொருள் தரும் அப்படியொரு விகுதி பழைய கிரேக்கத்தில் கிடையாது. ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்று ஒலிப்பது கிரேக்கத்தில் ‘ஒன்’. அது அங்கே பெயர்ச்சொல்லுக்கும் பெயரடைக்கும் வரும் சாதாரண அஃறிணை ஒருமை ஈறு. ‘ப்ரோடொன்’ என்ற கிரேக்கச் சொல்லை அப்படியே தமிழாக்கினால் ‘முதலாவது’ என்று வரும். ‘முதலாவது’ என்பதிலுள்ள ‘து’வுக்குத் துகள் என்று பொருள் சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இதுவும் இருக்கிறது.

கேள்வியின் இரண்டாம் பாதிதான் எனக்குப் பிடித்தது. கிரேக்கர்களுக்கு மின்துகள் தெரியாது. ஆனால் ‘ஏலெக்ட்ரொன்’ என்ற சொல் அவர்களிடம் இருந்தது. அது வேறொரு பொருளைக் குறித்தது. நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4

ஏலெக்ட்ரொன் என்றால் ஆம்பர். பல கோடி ஆண்டுகளுக்கு முன் மரங்களிலிருந்து வடிந்து மண்ணில் புதைந்து கல்போல் இறுகிய பிசின் அது. பால்டிக் கடற்கரையில் மிகுதியாகக் கிடைக்கிறது. தேன் நிறத்தில், சில வேளைகளில் உள்ளே ஒரு கொசுவையும் வைத்துக்கொண்டு வரும். கிரேக்கர்கள் இதே சொல்லால் பொன்னும் வெள்ளியும் கலந்த வெளிர்மஞ்சள் உலோகத்தையும் குறித்தார்கள். பொன்னில் ஐந்தில் ஒரு பங்கு வெள்ளி கலந்திருந்தால் அதற்கு ‘எலெக்ட்ரம்’ என்று பெயர் என ரோமானியரான பிளினி எழுதியிருக்கிறார். மிகப் பழைய லிடிய நாணயங்கள் இந்தக் கலப்பு உலோகத்தால் ஆனவை. இரண்டுக்கும் பொதுவானது நிறமும் ஒளியும்தான். ஹோமரின் கிரேக்கத்தில் ‘ஏலெக்டோர்’ என்பது ஒளிவீசும் கதிரவனைக் குறிக்கும் சொல்.

ஆகவே, சொல்லின் அடியில் மின்சாரமே இல்லை. மஞ்சள் ஒளிதான் இருக்கிறது. ஆம்பரைத் துணியில் தேய்த்தால் உமியையும் வைக்கோல் துணுக்கையும் இழுக்கும் என்பது கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தேலீசுக்குத் தெரிந்திருந்தது என்று பிற்காலத்து நூலாசிரியர்கள் சொல்கிறார்கள். இந்த இழுவையைப் பெயருக்கே காரணமாக்கியவர்கள் பாரசீகர்கள். அவர்கள் ஆம்பருக்கு வைத்த பெயர் ‘காஹ்ருபா’, அதாவது ‘வைக்கோல் திருடி’. அந்தச் சொல் அரபுக்குப் போய், இன்று அரபு நாடுகள் அனைத்திலும் மின்சாரத்துக்கு ‘கஹ்ரபா’ என்பதே பெயர். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் மின்கட்டணச் சீட்டில் இந்தச் சொல்லைப் பார்த்திருப்பார்கள். வடமொழியிலும் ‘திருணமணி’, அதாவது புல்லை இழுக்கும் மணி, என்றொரு பெயர் உண்டு.

ஆம்பரிலிருந்து அறிவியலுக்கு வந்த வழி ஒரே மனிதரின் வழி. இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் மருத்துவராக இருந்த வில்லியம் கில்பர்ட் 1600இல் காந்தத்தைப் பற்றி லத்தீனில் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதில் காந்த இழுவையையும் ஆம்பரின் இழுவையையும் பிரித்துக் காட்டுவதற்காக, கூர்முனை மேல் தடையின்றிச் சுழலும் ஓர் உலோக ஊசியைச் செய்து, கண்ணாடி, கந்தகம், அரக்கு, நீலக்கல், வைரம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தேய்த்து அதன் அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஊசி திரும்பியது. ஆம்பருக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்த குணம் பல பொருள்களுக்கு உண்டு என்று தெரிந்ததும், அவற்றுக்கெல்லாம் ‘எலெக்ட்ரிகா’ என்று பெயர் வைத்தார். அதற்கு ‘ஆம்பர் போன்றவை’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. அதிலிருந்து 1646இல் தாமஸ் பிரௌன் என்ற இன்னொரு மருத்துவரின் எழுத்தில் ‘எலெக்ட்ரிசிட்டி’ என்ற ஆங்கிலச் சொல் வருகிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘ஆம்பர்த்தன்மை’. நாம் மாதந்தோறும் கட்டணம் கட்டுவது அதற்குத்தான்.

ஜூன் 4, மாலை

‘உங்களிடம் ஆம்பர் இருக்கிறதா, செய்து பார்த்தீர்களா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது. உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த மணிமாலையிலிருந்து அறுந்துவிழுந்த மணி ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பட்டுத் துணியில் தேய்த்தால் காகிதத் துணுக்குகளை இழுக்கிறது. ஆனால் இதை வைத்து அது அசல் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் பிளாஸ்டிக் மணியும் இதே வேலையைச் செய்யும். உப்பைக் கரையும் மட்டும் கரைத்த நீரில் போட்டால் ஆம்பர் மிதக்கும், பிளாஸ்டிக் வகைகளில் பலவும் கண்ணாடியும் மூழ்கிவிடும். என் மணி மிதந்தது. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் இந்தத் தேய்ப்புச் சோதனையை ஐப்பசியில் செய்யவேண்டாம். காற்றின் ஈரம் மின்னூட்டத்தைக் கசியவிட்டுவிடும். கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் நிலைமின்னியல் செய்முறைகளை மழைக்காலத்துக்கு முன்பே முடித்துவிடுவது என் வழக்கம்.

ஜூன் 6

‘எலக்ட்ரானைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தவர் ஜே.ஜே. தாம்சன்’ என்று ஒருவர் திருத்தம் அனுப்பியிருக்கிறார். பாதி சரி. கண்டுபிடிப்பில் தாம்சனின் பங்கை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் பெயர் அவர் வைத்ததில்லை. அது மட்டுமன்று, அந்தப் பெயரைப் பல ஆண்டுகள் அவர் ஏற்றுக்கொள்ளவும் இல்லை.

பெயர் வைத்தவர் ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனி என்ற அயர்லாந்துக்காரர். மின்னாற்பகுப்பில், அதாவது மின்சாரம் செலுத்திச் சேர்மத்தைப் பிரிக்கையில், ஒவ்வொரு வேதிப் பிணைப்பும் அறுபடும்போது குறிப்பிட்ட, மாறாத ஓர் அளவு மின்சாரம் கடந்துபோகிறது என்பதிலிருந்து, மின்சாரத்துக்கும் இயற்கையான ஓர் அலகு இருக்கவேண்டும் என்று 1874இல் பெல்ஃபாஸ்டில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் மேம்பாட்டுச் சங்கக் கூட்டத்தில் அவர் சொன்னார். அதன் அளவையும் கணக்கிட்டார். இன்று நாம் ஏற்கும் அளவில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்குதான் வந்தது. அணுக்களின் எண்ணிக்கையே சரிவரத் தெரியாத காலத்தில் இதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். 1891இல், டப்ளினில் வெளியான ஒரு கட்டுரையில், இந்த அலகுக்கு ‘எலக்ட்ரான்’ என்று பெயரிட்டார்.

கவனிக்கவேண்டிய இடம் இதுதான். ஸ்டோனியின் எலக்ட்ரான் ஒரு துகளன்று, ஓர் அளவு. அது அணுவோடு ஒட்டியே இருப்பது, பிரித்தெடுக்க முடியாதது, நேர்க்குறியிலும் உண்டு, எதிர்க்குறியிலும் உண்டு. படி, மரக்கால் என்று நெல்லை அளக்கும் அளவைக்குப் பெயர் வைப்பதைப்போல அவர் மின்சாரத்தின் அளவைக்குப் பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதே பெயரை நெல்மணிக்கு வைத்துவிட்டார்கள்.

தாம்சன் 1897 ஏப்ரல் 30ஆம் நாள் மாலை இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வெற்றிடக் குழலின் எதிர்முனையிலிருந்து கிளம்பும் கேதோடு கதிர்களைப் பற்றிப் பேசும்போது, அணுவை விட மிகச் சிறிய தம் துகள்களை ‘கார்ப்பசல்’ என்றார். லத்தீனில் ‘சிற்றுடல்’ என்று பொருள். இரத்தச் சிவப்பணுவுக்கும் அதே சொல்தான் வழங்கியது. அடுத்த மாதமே ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற இயற்பியலாளர், தாம்சன் பேசுவது தனித்த எலக்ட்ரான்களைப் பற்றித்தான் என்று ஒரு பத்திரிகையில் எழுதினார். ஃபிட்ஸ்ஜெரால்டின் தாய் ஸ்டோனியின் உடன்பிறந்தவர். ஆக, தாய்மாமன் வைத்த பெயரை மருமகன் கொண்டுபோய்த் துகளுக்குச் சூட்டியிருக்கிறார். நம் ஊர்க் காதுகுத்தில் நடப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. தாம்சனோ 1906இல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலும் ‘கார்ப்பசல்’ என்றே சொன்னார்.

ஜூன் 6, பின்னிரவு

விட்டுப்போன ஒன்று. எண்ணெய்த்துளிச் சோதனையால் இந்த மின்னூட்டத்தைத் துல்லியமாக அளந்த மில்லிகன், 1917இல் எலக்ட்ரானைப் பற்றி எழுதிய நூலில், ஸ்டோனி வைத்த பொருளிலேயே அந்தச் சொல்லை ஆளவேண்டும் என்று வாதாடினார். யாரும் கேட்கவில்லை. சொல் ஊருக்குள் போய்விட்ட பிறகு உரியவரே வந்து கேட்டாலும் திருப்பித் தரமாட்டார்கள். மில்லிகனை மறந்துவிடாதீர்கள், இன்னொரு சொல்லில் மீண்டும் வருவார்.

ஜூன் 7

பலரும் கேட்டுவிட்டார்கள்: ‘அப்படியானால் அந்த ஆன் எங்கிருந்துதான் வந்தது?’

ஆங்கில அகராதிகள் பலவும் எலக்ட்ரானை ‘எலக்ட்ரிக்’ என்பதோடு ‘ஆன்’ சேர்த்த சொல் என்று பிரித்து, அந்த ‘ஆன்’ அயானிலிருந்து, அதாவது நாம் அயனி என்று சொல்லும் சொல்லிலிருந்து, வந்தது என்கின்றன. அயனியின் கதை 1834இல் நடக்கிறது. மின்னாற்பகுப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த மைக்கேல் ஃபாரடேவுக்குப் பழைய சொற்கள் பிடிக்கவில்லை. ‘துருவம்’ என்று சொன்னால் அது காந்தத்தைப்போல எதையோ இழுக்கிறது என்ற கருத்தும் கூடவே வந்துவிடுகிறது. அவர் மறுக்க விரும்பியதே அந்தக் கருத்தைத்தான். தம் மருத்துவ நண்பர் விட்லாக் நிக்கல் துணையோடு ‘எலக்ட்ரோடு’, ‘எலக்ட்ரோலைட்டு’ ஆகிய சொற்களைச் செய்துகொண்டார். ஆனால் இரண்டு முனைகளுக்குத் தனித்தனிப் பெயர் அமையவில்லை. கிழக்கு மேற்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை வைத்து ‘ஈஸ்டோடு’, ‘வெஸ்டோடு’ என்று கூட முயன்று பார்த்தார். கடைசியில் கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவெலுக்குக் கடிதம் எழுதினார்.

ஃபாரடே பள்ளிப் படிப்பை முழுமையாகப் பெறாதவர், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். ஹியூவெல் கிரேக்கமும் லத்தீனும் கரைத்துக் குடித்தவர். ‘சயன்டிஸ்ட்’ என்ற சொல்லையே உருவாக்கியவர் ஹியூவெல்தான். பூமியின் காந்தத்தை உண்டாக்கும் மின்னோட்டம் ஞாயிற்றைப்போலக் கிழக்கிலிருந்து மேற்கே செல்வதாக வைத்துக்கொண்டால், ஒரு முனை உதிக்கும் பக்கம், மற்றது மறையும் பக்கம் என்பது ஃபாரடேவின் கற்பனை. ஹியூவெல் அதைக் கிரேக்கத்தில் ‘மேல்வழி’, ‘கீழ்வழி’ என்று ஆக்கினார்: ‘ஆனோடு’, ‘கேதோடு’. அந்தந்த முனைகளை நோக்கிச் செல்பவற்றுக்கு ‘ஆனயான்’, ‘கேட்டயான்’, இரண்டுக்கும் பொதுவாக ‘அயான்’. கிரேக்கத்தில் ‘இயொன்’ என்பது ‘செல்வது’ என்ற வினையாலணையும் பெயரின் அஃறிணை ஒருமை வடிவம். நம் இலக்கணத்தில் ‘செல்வது’ எப்படி அமைகிறதோ அப்படியே அங்கும் அமைகிறது. இங்கும் ‘து’தான், துகள் இல்லை.

ஜூன் 7, மாலை

மேலே எழுதியதை வைத்து ‘அப்படியானால் எலக்ட்ரான் அயனியின் பிள்ளை, ஆம்பரின் பிள்ளை இல்லை’ என்று முடிவுக்கு வந்துவிடவேண்டாம். ஸ்டோனி பேசிக்கொண்டிருந்தது மின்னாற்பகுப்பைப் பற்றி. அயனி அவர் நாவில் இருந்திருக்கும். ஆனால் கிரேக்கத்தில் ஆம்பரின் பெயரே அந்த ஓசையில்தான் முடிகிறது. ‘எலக்ட்ரிக்’கில் ‘ஆனை’ ஒட்டினாலும் சரி, பழைய ஏலெக்ட்ரொனை அப்படியே எடுத்தாலும் சரி, கையில் கிடைப்பது ஒரே சொல். ஒரே சொல்லுக்கு இரண்டு வழியிலும் பாகம் இருக்கும்போது ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எனக்குத் தெரியவில்லை. விகுதியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் தொடங்கிய இடம் இது என்று மட்டும் சொல்லலாம்.

ஜூன் 10

விகுதி என்ற நிலை உறுதிப்பட்டது அடுத்த தலைமுறையில். 1920இல் கார்டிஃபில் நடந்த பிரிட்டிஷ் சங்கக் கூட்டத்தில், ஹைட்ரஜன் அணுக்கருவுக்குத் தனிப் பெயர் வேண்டும் என்று பேச்சு வந்தபோது ரூதர்ஃபோர்டு ‘புரோட்டான்’ என்றார். முதலாவது என்ற கிரேக்கப் பொருள் ஒரு பக்கம். எல்லா அணுக்களும் ஹைட்ரஜனால் ஆனவை என்று நூறாண்டுக்கு முன்பே கருதிய வில்லியம் பிரௌட்டின் நினைவு மறுபக்கம்.

நியூட்ரானின் கதை இன்னும் குழப்பமானது. லத்தீனில் ‘இரண்டுமில்லாதது’ என்று பொருள்படும் வேரில் கிரேக்க ஈற்றைச் சேர்த்த கலப்புச் சொல் அது. 1899இலேயே வில்லியம் சதர்லாந்து என்ற ஆஸ்திரேலிய இயற்பியலாளர், ஒரு நேர் எலக்ட்ரானும் ஓர் எதிர் எலக்ட்ரானும் சேர்ந்த இணைக்கு இதே பெயரை வைத்திருந்தார். 1930 டிசம்பரில் வுல்ஃப்காங் பௌலி, அணுக்கரு எலக்ட்ரானை உமிழும் பீட்டா சிதைவில் காணாமல் போகும் ஆற்றலுக்குக் கணக்குச் சொல்ல, எடை மிகக் குறைந்த ஒரு துகளைக் கற்பனை செய்து அதற்கும் நியூட்ரான் என்றே பெயரிட்டார். 1932இல் சாட்விக் கனமான நடுநிலைத் துகளைக் கண்டறிந்ததும் பெயர் அதற்குப் போய்விட்டது. ஒரே பெயரில் இரண்டு துகள்கள்.

இதைத் தீர்த்தது ரோம் நகரத்து ஒரு நகைச்சுவை. இத்தாலிய மொழியில் ‘ஓனே’ என்று முடிந்தால் பெரியது, ‘ஈனோ’ என்று முடிந்தால் சின்னஞ்சிறியது. ‘நியூத்ரோனே’ என்பது இத்தாலியர் காதில் ‘பெரிய நடுநிலையான்’ என்று ஒலிக்கும். ஃபெர்மியின் குழுவிலிருந்த எதோவார்தோ அமால்டி, அப்படியானால் பௌலியுடையது ‘நியூத்ரினோ’ என்றார். ஃபெர்மி அதை மாநாடுகளில் சொல்லத் தொடங்கினார். வேடிக்கைப் பேச்சு பாடநூலுக்குள் நுழைந்துவிட்டது. எனக்கு இந்தச் சொல்மீது தனி அன்பு உண்டு. கிரேக்க ஈற்றை இத்தாலிய ஈறாகக் கேட்டு, அதற்கு எதிர்ச்சொல்லும் படைத்துவிட்டார்கள்!

ஃபோட்டானும் இப்படித்தான். 1916இல் லியனார்டு டிரோலண்டு அதை விழித்திரையில் படும் ஒளியின் அலகாக வைத்திருந்தார். 1926இல் வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் ‘ஃபோட்டான்’ என்று எழுதியபோது அவர் மனத்தில் இருந்தது ஆக்கவும் அழிக்கவும் முடியாத ஒளியணு. அந்தக் கொள்கை நிற்கவில்லை. பெயரை மட்டும் ஐன்ஸ்டைனின் ஒளிச் சிப்பத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். எலக்ட்ரான், நியூட்ரான், ஃபோட்டான் மூன்றிலும் பெயர் முதலில் வேறொன்றுக்கு இருந்து, பிறகு இடம் மாறியிருக்கிறது என்பதைப் பார்க்கும்போது, இதற்கெல்லாம் யாரோ அமர்ந்து திட்டம் போட்டார்கள் என்று பயிற்சி வகுப்பு எண்ணுவது எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஜூன் 11

இப்போது மில்லிகன்.

முதலில் பாசிட்ரான். 1932இல் கார்ல் ஆண்டர்சன் கண்ட நேர்மின் எலக்ட்ரானுக்கு, ‘பாசிட்டிவ்’வின் தலையையும் ‘எலக்ட்ரா’னின் வாலையும் ஒட்டி இந்தப் பெயர் வந்தது. வெட்டிய இடத்தைப் பாருங்கள். ‘எலக்ட்ர்’ என்பது வேர், ‘ஆன்’ என்பது ஈறு. இவர்கள் வெட்டியதோ ‘ட்ரான்’ என்று. வேரின் எலும்பு ஒன்று வாலோடு வந்துவிட்டது. ஹெர்பர்ட் டிங்கிள் என்பவர், கிரேக்கக் கதையில் எலெக்ட்ராவின் தம்பி ஓரெஸ்டீஸ் என்பதால், புதிய துகளுக்கு ‘ஓரெஸ்டான்’ என்று பெயரிடலாம் என்றார். ஏற்றிருந்தால் நம் மாணவர்கள் கூடுதலாகக் கொஞ்சம் கிரேக்க நாடகம் படித்திருப்பார்கள்.

‘ட்ரான்’ என்ற துண்டு ஏற்கெனவே வேறொரு தெருவிலும் உலவிக்கொண்டிருந்தது. கிரேக்கத்தில் ‘ட்ரொன்’ என்பது கருவியைக் குறிக்கும் உண்மையான விகுதி. ‘அரொட்ரொன்’ என்றால் உழும் கருவி, ஏர். அதை எடுத்து அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் வெற்றிடக் குழல்களுக்கு ‘கெனோட்ரான்’, ‘மேக்னெட்ரான்’ என்று பெயரிட்டார்கள். இன்றும் மைக்ரோவேவ் அடுப்பின் உள்ளே இருப்பது மேக்னெட்ரான்தான். பிறகு லாரன்சின் ஆய்வகத்தில் பேச்சுவழக்காகத் தொடங்கிய ‘சைக்ளோட்ரான்’ வந்தது. துகளும் ‘ட்ரான்’, துகளை முடுக்கும் கருவியும் ‘ட்ரான்’ என்று ஆகிவிட்டது.

இந்த நிலையில்தான் ஆண்டர்சனும் நெடர்மையரும் 1937இல் விண்கதிரில் எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடைப்பட்ட எடையுள்ள துகளைக் கண்டார்கள். யுகாவா 1935இல் முன்னறிவித்த துகள் இதுவே என்று பலர் கருதியதால் ‘யூகான்’ என்றும் அழைத்தார்கள். 1938இல் இருவரும் ‘இடை’ என்ற கிரேக்கச் சொல்லை வைத்து ‘மெசோட்டான்’ என்று பெயரிட்டு ‘நேச்சர்’ இதழுக்குக் குறிப்பு அனுப்பினார்கள். அப்போது அவர்களின் மேலதிகாரியான மில்லிகன் வெளியூரில் இருந்தார். திரும்பிவந்து பார்த்துவிட்டு, எலக்ட்ரானைப் பாருங்கள், நியூட்ரானைப் பாருங்கள், ‘ர்’ வேண்டும் என்றார். புரோட்டானைப் பாருங்கள் என்று ஆண்டர்சன் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். மேலதிகாரியின் வாதம் வென்றது. ‘ர்’ ஒன்றைச் சேர்க்கும்படி இலண்டனுக்குத் தந்தி பறந்தது. மெசோட்ரான் பிறந்தது.

சில மாதங்களில், 1939 பிப்ரவரியில், அதே ‘நேச்சர்’ இதழில், அப்போது கேம்பிரிட்ஜில் பணிபுரிந்த ஹோமி பாபா எழுதினார்: நடு என்று பொருள்படும் கிரேக்க வேர் ‘மெசோ’, அதில் ‘ட்ர்’ கிடையாது, நியூட்ரானிலும் எலக்ட்ரானிலும் உள்ள ‘ட்ர்’ அந்தந்த வேர்களுக்கு உரியது, ஆகவே ‘மெசான்’ என்றால் போதும். சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் செய்த வேலை இது. பம்பாய்ப் பார்சிக் குடும்பத்தில் பிறந்த ஓர் இயற்பியலாளர் கிரேக்கச் சொற்பிரிப்பை நோபல் பரிசு பெற்ற இரு அமெரிக்கர்களுக்குக் கற்பித்தார் என்பதை என் வகுப்பில் நான் கொஞ்சம் மிகையான மகிழ்ச்சியோடுதான் சொல்லிவந்தேன்.

ஜூன் 12

ஒருவர் ஆர்கான், நியான், கிரிப்டான், கார்பன், சிலிக்கான் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி ‘இவை துகள்களா’ என்று கேட்டிருக்கிறார். நல்ல அடி. ஆர்கான் ‘சோம்பலானது’, நியான் ‘புதியது’, கிரிப்டான் ‘மறைந்தது’. எல்லாம் கிரேக்க அஃறிணைப் பெயரடைகள், மீண்டும் அதே ‘து’. கார்பனின் வால் வேறு. லத்தீனில் கரியைக் குறிக்கும் ‘கார்போ’வின் வேற்றுமை வடிவங்களில் வரும் வேரின் பகுதி அது. சிலிக்கானுக்கு ‘சிலிசியம்’ என்று உலோகப் பெயர் வைத்திருந்தார் வேதியியலாளர் டேவி. அது உலோகமன்று, கார்பனைப் போன்றது என்று சொல்ல 1817இல் தாமஸ் தாம்சன் வாலை மாற்றினார். இதற்கு நேர்மாறானது ஹீலியம்: ஞாயிற்றின் ஒளியில் கண்ட புதிய தனிமம் உலோகமாக இருக்கும் என்று எண்ணி ‘இயம்’ போட்டார்கள், அது வளிமமாக முடிந்தது, பெயர் மாறவில்லை.

ஜூன் 15

தமிழில் என்ன என்ற கேள்வி வரும் என்று தெரியும், மூவர் கேட்டுவிட்டார்கள்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இலத்திரன், புரோத்தன், நியூத்திரன். தமிழ்நாட்டில் எலக்ட்ரான், அல்லது எதிர்மின்னி, மின்னணு. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் ‘இலத்திரனியல்’ என்று முதன்முதலில் சொன்னபோது அது ஏதோ சமயத் துறை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இலக்கணப்படி பார்த்தால் அவர்கள் பக்கம்தான் நியாயம். நம் மெய்ம்மயக்க விதியில் ககர ஒற்றை அடுத்து ககரம் மட்டுமே வரலாம்; டகர ஒற்றை அடுத்து ரகரம் வராது. ‘எலக்ட்ரான்’ என்ற ஒரே சொல் இரண்டு விதிகளையும் அடுத்தடுத்து மீறுகிறது. இலத்திரன் ஒன்றையும் மீறவில்லை. ஒரே சிக்கல், ‘அன்’ ஈறு நமக்கு ஆண்பால். கிரேக்கத்தில் அஃறிணையாக இருந்தவை இங்கே வந்து இலத்திரன், புரோத்தன் என்று உடன்பிறந்த இரு இளவரசர்களைப்போல நிற்கின்றன.

‘மின்னணு’ எனக்கு உவப்பில்லை. அது அணுவன்று, அணுவின் உறுப்பு. ‘மின்னணுவியல்’ என்பது துறைப்பெயராக ஊன்றிவிட்டதால் அதை அசைக்கவேண்டும் என்றும் சொல்லமாட்டேன்.

ஆனால் ‘மின்’ என்ற அடியைப் பற்றி ஒரு சொல். கிரேக்கமும் அரபும் ஆம்பரிலிருந்து தொடங்கின. ஐஸ்லாந்துக்காரர்களும் அப்படியே, அவர்கள் மொழியில் மின்சாரம் ‘ஆம்பர் வலிமை’, எலக்ட்ரான் ‘ஆம்பர் அலகு’. நாம் வானத்து மின்னலிலிருந்து தொடங்கினோம். சீனர்களும் அப்படித்தான், அவர்கள் மின்சாரத்துக்கு எழுதும் எழுத்து முதலில் மின்னலுக்கு உரியது. தேய்த்த ஆம்பரும் இடிமின்னலும் ஒன்றே என்பது 18ஆம் நூற்றாண்டின் நடுவில், ஃபிராங்க்ளின் காலத்தில்தான் உறுதியானது. நமக்குச் சொல் தேவைப்பட்ட காலத்தில் அந்த உண்மை தெரிந்திருந்ததால், ஆம்பரைத் தேடிப் போகவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

ஜூன் 16

‘பெயரின் வேர்ப்பொருள் தெரிந்தால் துகளின் குணம் தெரிந்துவிடுமே’ என்கிறார் ஒருவர். தெரியாது. லெப்டான் என்றால் ‘எடை குறைந்தது’. 1970களில் கண்டறியப்பட்ட டௌ என்ற லெப்டான் புரோட்டானைப்போல ஏறத்தாழ இருமடங்கு எடையுள்ளது. பாபா அவ்வளவு பாடுபட்டுத் திருத்திய மெசானின் கதை இன்னும் வேடிக்கை. ஆண்டர்சன் கண்டது யுகாவாவின் துகளே இல்லை என்று 1947இல் தெளிவாயிற்று. இன்று அதற்குப் பெயர் மியூவான்; அது லெப்டான் குடும்பம். எந்தத் துகளுக்காக ‘மெசான்’ என்று செதுக்கினார்களோ, அந்தத் துகள் மெசானே இல்லை.

போசான் தனி வகை. அதன் முன்பாதி கிரேக்கமுமில்லை, லத்தீனுமில்லை. சத்யேந்திரநாத் போஸ் என்ற வங்காளியின் குடும்பப் பெயர். 1945இல் பாரிசில் ஆற்றிய உரையில் டிராக் அப்படிப் பெயரிட்டார். அங்கே ‘ஆன்’ முழு விகுதியாகிவிட்டது: ஆள் பெயரில் ஒட்டினாலும் நிற்கிறது. பயிற்சி வகுப்பு ஆசிரியருக்கு என்னால் விட்டுக்கொடுக்க முடிந்தது இவ்வளவுதான். ‘ஆன் என்றால் துகள்’ என்பது கிரேக்கத்தைப் பற்றிப் பொய். 20ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தைப் பற்றி மெய்.

ஜூன் 19

உயிரியல் படித்த வாசகர் ஒருவர் நினைவூட்டியதால் இதையும் சேர்க்கிறேன். இயற்பியலிலிருந்து மரபியலுக்கு வந்த சீமோர் பென்சர், மரபணுவைத் துண்டுகளாக்கி 1957இல் சிஸ்ட்ரான், ரீகான், மியூட்டான் என்று பெயர்கள் வைத்தார். பழைய துறையின் வாலைப் புதிய துறைக்குக் கொண்டுவந்தார் என்றே கொள்ளவேண்டும். அதே ஆண்டில் ஐசக்சும் லிண்டன்மனும் இன்டர்ஃபெரானுக்குப் பெயரிட்டார்கள். சில ஆண்டுகளில் பிரான்சிலிருந்து ஆப்பரான் வந்தது.

இவற்றுள் சிஸ்ட்ரானை மட்டும் மில்லிகன் பார்த்திருக்கவேண்டும். ‘சிஸ்’, ‘டிரான்ஸ்’ என்ற இரண்டு லத்தீன் முன்னொட்டுகளை ஒப்பிடும் சோதனையிலிருந்து பிறந்த சொல் அது. அங்கே ‘ட்ர்’ வந்து உட்கார்ந்திருப்பதற்கு முழு உரிமை உண்டு. பாபாவும் ஆட்சேபித்திருக்கமாட்டார்.

ஜூன் 20

பொத்தானும் இந்த வகையா என்று கேட்டவருக்கு: இல்லை, அது போர்த்துக்கீசிய மொழியின் ‘போத்தாவ்’.